விஸ்கி விழாவுக்குள் ஒரு மொழி விழா

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ஐலா என்றொரு தீவு. ஆண்டுதோறும் மே மாத இறுதியை ஒட்டி அங்கே நடக்கும் ‘ஃபேஷ் ஈலெ’ இன்று உலகறிந்த விஸ்கி விழா. ஆனால் 1980களின் நடுவில் தீவு மக்கள் இதைத் தொடங்கியபோது குடி அதன் நோக்கமாக இருக்கவில்லை. நலிந்துகொண்டிருந்த கேலிக் மொழியையும் அதன் பாட்டையும் கூத்தையும் மீட்பதே நோக்கம். விஸ்கித் தொழிலுக்கும் அது கெட்ட காலம். தீவின் போர்ட் எலன் வடிசாலை 1983இல் மூடப்பட்டிருந்தது. வடிசாலைகள் விழாவில் முறையாகக் கைகோத்தது 2000ஐ ஒட்டித்தான். அதன்பின் விருந்தாளி வீட்டுக்காரர் ஆகிவிட்டார்.

மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் தீவு அது. கென்னகிரெய்க் துறையிலிருந்து கப்பலேறினால் சுமார் இரண்டு மணி நேரப் பயணம். கப்பலிலும் தங்குமிடத்திலும் இடம்பிடிக்கப் பல மாதங்களுக்கு முன்பே முந்திக்கொள்ள வேண்டும். விழா நாள்களில் வடிசாலைகள் முறைவைத்துத் திறந்த நாள் கொண்டாடுகின்றன. அன்றைக்கென்றே அடைத்த சிறப்புப் புட்டிகளுக்காக விடியுமுன்னரே வரிசை நிற்கும். மதுக்கடை வரிசைகளை மட்டுமே கண்ட கண்ணுக்கு இவ்வரிசை வியப்பூட்டும். மடக்கு நாற்காலி, தேநீர்க் குடுவை, மழைச்சட்டை சகிதம் அமர்ந்திருப்பார்கள். அவர்களுள் சிலருக்குக் குடிக்கும் எண்ணமே இராது. வாங்கிய புட்டி விரைவில் இணைய ஏலத்துக்குப் போய்விடும். விழாவின் அருவருப்பான பகுதி இதுவே.

சுவைக்கும் அரங்குகள் வேறு வகை. துலிப் மலர் போல வாய் குறுகிய சிறு கண்ணாடிக் குவளையில் ஓரளவு ஊற்றித் தருவார்கள். முதல் வேலை மூக்குக்கு. வாய் திறந்தபடி மெல்ல முகர வேண்டும். மூக்கை ஆழ நுழைத்தால் சாராய நெடி நுகர்வையே மரக்கச் செய்துவிடும். பிறகு ஒரு துளி நாவில். பிறகு சில சொட்டு நீர். நீர் கலப்பது குற்றம் என்ற எண்ணம் நம்மூர் வீராப்பு. அங்கே மேசைதோறும் நீர்க்குடுவை இருக்கும். புகைச்சுவையுள்ளவற்றைக் கடைசிக்கு ஒதுக்க வேண்டும். மரம் அரிதான அத்தீவில் பீட் என்னும் சதுப்புநிலக் கரிமண்ணே நெடுங்கால எரிபொருள். முளைவிட்ட பார்லியை அதன் புகையில் உலர்த்துவதால் வரும் நெடி, கரும்புகையும் கடற்பாசியும் மருத்துவமனையும் சேர்ந்தது போல் இருக்கும். முதலில் அதைக் குடித்தவர் நாவில் மென்மையான எதுவும் பின்னர் ஏறாது.

கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டனில் ஓர் அளவு என்பது பெரும்பாலும் 25 மில்லிலிட்டர். பீப்பாயிலிருந்து நீர் கலவாமல் அடைத்த விஸ்கி 55 சதவீதம் இருந்தால், பத்து அளவுகளில் சுமார் 137 மில்லிலிட்டர் தூய சாராயம். பிரிட்டன் மருத்துவ அதிகாரிகள் ஒரு வாரத்துக்கே தாண்ட வேண்டாம் என 2016இல் பரிந்துரைத்த அளவு 140. ஆகவே துப்புவது அநாகரிகமன்று. அதற்கெனவே கலயம் வைத்திருக்கிறார்கள். வண்டி ஓட்டிவந்தவர்க்கு அவர் பங்கைச் சிறு குப்பியில் அடைத்துத் தருவதும் வழக்கம். ஸ்காட்லாந்து 2014 டிசம்பரில் ஓட்டுநர்க்கான வரம்பை 100 மில்லிலிட்டர் குருதிக்கு 50 மில்லிகிராமாகக் குறைத்தது. இந்தியாவில் அது 30 மட்டுமே. சட்டத்தில் நாம் கண்டிப்பானவர்கள், குப்பியில்தான் கோட்டை விடுகிறோம்.

இவ்வளவுக்கும் நடுவே மொழி எங்கே போயிற்று? புட்டிச் சீட்டில் இருக்கிறது. லாகாவூலின் என்பது ‘ஆலைப் பள்ளம்’. ஆலையைக் குறிக்கும் கேலிக் சொல் மகர ஒலியில் தொடங்குவது. இத்தொடரில் அது வகரமாக நெகிழ்ந்து ‘வூலின்’ ஆகிறது. நம் புணர்ச்சியில் எழுத்து திரிவதை அறிந்தவர்க்கு இது விளங்கும். பெயரைச் சொல்லிக் கேட்கும் ஒவ்வொரு பயணியும் தன்னையறியாமல் ஒரு கேலிக் இலக்கண விதியை உச்சரித்துவிடுகிறார். பூனஹாவன் ‘ஆற்றுமுகம்’, கல் ஈலா ‘ஐலா நீரிணை’. விஸ்கி என்ற சொல்லே ‘ஊஷ்கே பெஹ’ என்ற தொடரின் எச்சம். லத்தீனின் ‘உயிர்நீர்’ என்பதன் பெயர்ப்பு அது. ஆங்கிலத்தின் வாயில் உயிர் உதிர்ந்து நீர் மட்டும் எஞ்சியது.

2011 கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்து முழுவதிலும் கேலிக் பேசுவோர் ஏறத்தாழ 57 ஆயிரம் பேர். ஐலாவில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான். விஸ்கி மொழியை விழுங்கிவிட்டது என்று சொல்வது எளிது; ஆனால் ஊதியம் இல்லாத தீவில் இளைஞர் தங்குவதில்லை, இளைஞர் இல்லாத வீட்டில் மொழியும் தங்குவதில்லை. வடிசாலை தரும் வேலையையும் சேர்த்தே எடைபோட வேண்டும். எனினும், புட்டிக்கு மூன்று மணி நேரம் நிற்பவர் பாட்டுக்கு அரைமணி ஒதுக்காமல் திரும்பினால் விழாவின் பாதியை அவர் பார்க்கவேயில்லை.

அந்தப் பாதி ‘கேய்லி’ எனப்படும் மாலைக் கூடலில் கிடைக்கும். ஒருவரையொருவர் வீடு தேடிச் சென்று காண்பதே அச்சொல்லின் பழம்பொருள். பிடிலும் அக்கார்டியனும் முழங்க, ஆடத் தெரியாதவரையும் கைபிடித்து இழுத்துவிடுவார்கள். பாடல்களும் உண்டு. பழைய கேலிக் உழைப்புப் பாடல்கள் பலவற்றின் பல்லவி பொருளற்ற ஒலிகளால் ஆனது. கம்பளி துவைக்கும் பெண்களுள் ஒருத்தி சரணம் பாட, மற்றவர்கள் பல்லவியை ஏற்பது வழக்கம். பொருள் வேண்டாததால் பல்லவியை அயலாரும் தயங்காமல் உரக்கப் பாடலாம். அடுத்து சரணம் வரும். அதற்குக் கேலிக் தெரிய வேண்டும். அப்போது எத்தனை குரல்கள் எஞ்சுகின்றன என்று காதுகொடுத்துக் கேட்கலாம்.