வாய்க்குள் வளரும் பிள்ளைகள்

ஸ்காபுறோவில் நான் வேலை செய்யும் ரெஸ்ரோறன்ரில் ஒவ்வொரு கிழமையும் திலாப்பியா பெட்டி பெட்டியாக இறங்கும். சீனாவிலிருந்து வரும் முள்ளெடுத்த துண்டுகள். "அது குப்பை மீன் அண்ணை" என்பார்கள் எங்கடை பெடியள். பாரையும் விளைமீனும் தின்று வளர்ந்த நாக்கல்லவா!

எனக்கு அந்த மீனில் ஒரு மரியாதை உண்டு. யாழ் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தேன். 2006 இல் ஏ9 பாதை மூடப்பட்டதோடு படிப்பும் நின்றுபோனது. படித்ததில் இன்னும் மறக்காதது இந்த மீனின் கதை.

மொசாம்பிக் திலாப்பியா 1952 இல் இலங்கைக்கு வந்தது. ஆண்மீன் ஆழமில்லாத இடத்தில் வாயால் மண்ணை அள்ளி வட்டக் குழி தோண்டும். பெண் அதில் முட்டையிட்டு உடனே வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். பிறகு தகப்பன் அடுத்த பெண்ணைத் தேடும். தாய் தனியே ஒதுங்கும். சில நாளில் குஞ்சு பொரித்தாலும் வெளியே விடாது. நீந்தப் பழகிய பின்னும் ஆபத்தென்றால் குஞ்சுகள் தாயின் வாய்க்குள் ஓடிவிடும். இந்த இரண்டு மூன்று கிழமையும் தாய் அநேகமாகப் பட்டினிதான்.

இதன் அருமை குளத்தில்தான் தெரியும். சீன, இந்தியக் கெண்டைகளைக் குளத்தில் விட்டால் வளரும். ஆனால் ஓடாத தண்ணீரில் இனம் பெருக்காது. ஊசி போட்டு முட்டையெடுத்து, குஞ்சாக்கிக் கொண்டுவந்து விடவேண்டும். 1990 இல் பிரேமதாச அரசு நன்னீர் மீன்பிடிக்கு உதவியை நிறுத்தியது. 1994 இல்தான் திரும்பத் தொடங்கியது. திலாப்பியாவுக்கு எவருடைய உதவியும் தேவைப்படவில்லை. கடலில் தடை இருந்த காலத்தில் வன்னியில் எத்தனை வீட்டு அடுப்பில் குளத்து மீன் கொதித்தது!

பண்ணைக்காரருக்கோ இதே குணம் தலையிடி. சின்னனிலேயே முட்டையிடத் தொடங்கினால் மீன் பருக்காது. அதனால் பல பண்ணைகளில் குஞ்சுகளுக்கு மூன்று நாலு கிழமை ஆண் ஹோர்மோன் கலந்த தீனி கொடுத்து எல்லாவற்றையும் ஆணாக்கி விடுகிறார்கள். எங்கள் பெட்டிகளில் வருவதில் தாய்மீன் குறைவாகத்தான் இருக்கும்...

உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் மொசாம்பிக் திலாப்பியாவும் இருக்கிறது. போன இடங்களில் உள்ளூர் மீன்களுக்கு அது இடைஞ்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கொண்டுபோய் விட்டது மனிதர்தானே? மீன் கேட்டா வந்தது?

பிடிக்காவிட்டால் தின்னாதேங்கோ. குப்பை என்று மட்டும் சொல்லாதேங்கோ. தான் பட்டினி கிடந்து பிள்ளை காத்த தாய்மாரை எங்கடை சனத்துக்குத் தெரியாதா என்ன?