பெடலுக்குக் கீழே

மொரிஸ் மைனரின் கிளச் பெடல் கத்துகிறது என்று யார் வந்தாலும் முதலில் எஞ்சினை நிப்பாட்டச் சொல்வேன். நிற்கிற காரில் பெடலை மிதிக்கும்போதும் கத்தினால் கோளாறு பெடல் தண்டிலோ, கிளச்சுக்குப் போகும் கம்பிகளிலோ இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது மட்டும், கால் பட்டவுடன் சத்தம் எழுந்தால் உள்ளே இருக்கும் காபன் வளையத்தைச் சந்தேகிக்க வேண்டும். அது கியர்பொக்ஸைப் பிரிக்கிற பெரிய வேலை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எண்ணெய்ப் போத்தலோடு காருக்குள் குனிகிறவரைக் கண்டால் எனக்கு மனம் பொறுக்காது.

இன்றைய கார்களில் பெடல் மேலிருந்து தொங்குகிறது. 1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட மைனரிலோ அது தரைத்தகட்டின் துவாரத்தால் மேலே எழும்பி வருகிறது. கிளச்சுக்கும் பிறேக்குக்கும் ஒரே தண்டுதான். தகட்டுக்கு அடியில், முன்சில்லு வாரியடிக்கிற இடத்திலேயே அந்தத் தண்டு கிடக்கிறது. எங்கள் ஊர்ச் சில்லு வாரியடிப்பது எதை? கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் என்றால் நைசான செம்மண். பண்ணை, நாவற்குழிப் பக்கம் உப்புக்காற்றில் ஊறிய தூசி. மாரியில் ஒழுங்கை வெள்ளம். பெடலைச் சுற்றியிருக்கிற ரப்பர் கிழிந்துவிட்டால் காருக்குள் இருக்கிற மண்ணும் அதன் வழியாகத் தண்டில்தான் இறங்கும். பழைய கிறீஸோடு செம்மண் சேர்ந்தால், வால்வு அரைக்கும் பசை மாதிரி, ஒவ்வொரு மிதிக்கும் புஷ்ஷைத் தின்னும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்து சொன்னார்: "தம்பி, பக்கத்து வீட்டுப் பெடியன் ஸ்பிறே அடிச்சு விட்டவன். ரெண்டு நாள் நல்லா இருந்தது. இப்ப முந்தியை விட மோசமாக் கத்துது."

"மாஸ்ரர், அந்த ஸ்பிறே உள்ள கிடந்த கொஞ்சநஞ்ச கிறீஸையும் கழுவிப் போட்டுது. காரை விட்டிட்டுப் போங்கோ, கழட்டித்தான் பாக்கவேணும்."

கழட்டினால் சில கார்களில் கன்னங்கரேலென்று ஒரு படிவு வரும். அதைச் சுரண்டும்போது எனக்குத் தடைக்காலம் நினைவுக்கு வரும். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கி, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராமல் போன பிறகு, இந்தப் பழைய கார்கள்தான் ஓடின. ஸ்ரார்ட் எடுக்க மட்டும் சொட்டுப் பெற்றோல், சூடேறியதும் மண்ணெண்ணெய். அமுக்கம் குறைந்த எஞ்சின்கள் என்பதால் ஒஸ்ரின் ஏ40உம் மைனரும் அதைத் தாங்கின. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். கிறீஸ் கிடைக்காத நாட்களில், வடித்தெடுத்த அந்தக் கறுப்பு ஒயிலையே பெடல் தண்டுக்கும் விட்டோம். அதைவிட்டால் வேறொன்றும் இருக்கவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், தென்னிலங்கையில் இதே காருக்குத் தகடுகளும் பாகங்களும் செய்விக்கத் தொடங்கியது அதே 90களில்தான். ஒரே தீவு, ஆனால் 2002இல் ஏ9 வீதி திறக்கும்வரை எங்களுக்குச் சாமான் என்பது இன்னொரு காரிலிருந்து கழட்டியதுதான்.

சத்தம் எங்கே என்று கண்டுபிடிப்பதில்தான் எனக்கு ஆசை அதிகம். ஒருவர் மேலே இருந்து பெடலைக் கையால் மெல்ல அமுக்க வேண்டும். நான் கீழே படுத்து, நீளமான ஸ்குறூ டிறைவரின் பிடியைக் காதோடு அழுத்தி, நுனியை ஒவ்வொரு மூட்டிலும் வைத்துக் கேட்பேன். உலர்ந்த புஷ் கரகரக்கும். தேய்ந்த மூட்டுப்பின் 'டிக்' என்று ஒருதரம் தட்டும். திருப்பி இழுக்கிற ஸ்பிரிங்கின் கொளுக்கி மட்டும் எலிக்குஞ்சுக் குரலில் கீச்சிடும். பெரிய கோளாறு என்று பயந்து வந்த எத்தனையோ பேரை அந்தக் கொளுக்கியில் ஒரு விரல்நுனிக் கிறீஸ் வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

தண்டுதான் என்றால் அதைக் கழட்டியே ஆகவேண்டும். கிறீஸ் நிப்பிள் அடைத்திருக்கும். நிப்பிளைக் கழட்டி, கிறீஸ் போகும் துவாரத்தை மெல்லிய கம்பியால் குத்தி, மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மறுபக்கம் தெரிகிறதா என்று பார்ப்பேன். கழுவுகிற இடம் காருக்கு வெளியே இருக்க வேண்டும். பிறேக்கின் மாஸ்ரர் சிலிண்டர் பக்கத்திலேயே இருக்கிறது. மண்ணெண்ணெயோ கிறீஸோ அதற்குள் போனால் ரப்பர்கள் ஊதிப் பழுதாகும். கிளச்சின் சத்தத்தை நிறுத்தப் போய் பிறேக்கை இழப்பதா?

புஷ் தேய்ந்திருந்தால் கடைசல் பட்டறையில் கன்மெற்றலில் புதிது கடைவிப்பேன். தண்டையும் கையோடு கொண்டுபோவேன், ஏனென்றால் தண்டும் ஒருபக்கம் தேய்ந்திருக்கும். அளவைத் தாளில் எழுதி அனுப்புவதில் எனக்கு நம்பிக்கையில்லை. புஷ்ஷுக்குள் தண்டு தன் பாரத்திலேயே மெல்ல இறங்க வேண்டும். பக்கவாட்டில் அசைத்தால் விரலுக்கு ஆட்டம் தெரியக்கூடாது. மூட்டுப்பின் போகும் ஓட்டைகள் முட்டை வடிவாகியிருந்தால் வெல்டிங்கால் நிரப்பித் திரும்பத் துளைக்க வேண்டும். இதைத் தவிர்த்துத் தடித்த பின்னை அடித்து இறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது வேலையாகப் படவில்லை.

பூட்டிய பிறகு, பழுப்பு நீங்கிச் சுத்தமான கிறீஸ் இரண்டு ஓரத்தாலும் பிதுங்கும்வரை அடிப்பேன். கிழிந்த ரப்பரை மாற்றாமல் காரைக் கொடுப்பதில்லை. கடைசியாகப் பிளே. கால் வைத்ததும் பெடல் கொஞ்சத்தூரம் பாரமில்லாமல் போய், பிறகுதான் இறுக வேண்டும். அந்தப் பிளே இல்லாவிட்டால் காபன் வளையம் ஓயாமல் உராயும். சாவி கொடுக்கும்போது மாஸ்ரருக்கு இரண்டு விஷயம் சொல்லிவிட்டேன்: சந்தியில் நிற்கும்போது கிளச்சில் கால் வைத்திருக்கக் கூடாது, ஐப்பசி மழைக்கு முதல் ஒருக்கால், தைப்பொங்கல் முடிந்து ஒருக்கால் கிறீஸ் அடிக்கக் காரைக் கொண்டுவர வேண்டும்.