கலிஃபோர்னியாவில் 'ஈரச் சத்தம்' வாங்கப் போன கதை!

பல்போவா கடற்கரையில் காலை நடை போனால், காதில் முதலில் விழுவது கடல். அடுத்தது சைக்கிள் மணி. வரிசையாக அடுக்குமாடி வீடுகள், பால்கனியில் காயும் ஈர உடைகள். 'ரான்டெவூ பால்ரூம்' என்ற பிரமாண்ட நடன அரங்கம் இங்கேதான் இருந்தது என்பதைச் சொல்ல இப்போது மிச்சமிருப்பது ஒரு நினைவுக் கல் மட்டுமே. 1928-ல் திறந்த அரங்கம் 1966-ல் எரிந்துபோனது.

அந்தக் கல்லைத் தேடி நான் வந்ததற்குக் காரணம் என் அண்ணன். சென்னையில் கல்யாண ரிசப்ஷன் மேடைகளில் கிட்டார் வாசிப்பவன். ஆனால், அவன் உயிர் இருப்பது 'சர்ஃப் மியூசிக்'கில். "சித்தி வீட்டுக்கு அமெரிக்கா போறேல்ல... எனக்கு ஒரு பெட்டி வாங்கிட்டு வா" என்று இரண்டு வருட சேமிப்பை என் கையில் கொடுத்துவிட்டான். எனக்கோ சுருதி பெட்டிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் வித்தியாசம் தெரிந்தால் அதிகம்!

1961 கோடையில் இந்த அரங்கில் வாசிக்க ஆரம்பித்தவர் டிக் டேல். லெபனான் பூர்விகத் தந்தைக்குப் பிறந்தவர், இடது கைக்காரர், கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தவர். பகலில் அலைச்சறுக்கு, ராத்திரியில் கச்சேரி. 'பல்ப் ஃபிக்‌ஷன்' படத்தின் தொடக்கத்தில் சீறி வருமே ஒரு கிட்டார், அது அவருடைய 'மிஸிர்லூ'. வெறும் காலோடு திரிந்த அலைச்சறுக்குப் பையன்கள் டை கட்டினால்தான் உள்ளே அனுமதி என்பது அன்றைய விதி. அதற்காக டேல் டைகளை வாங்கி வாசலில் விநியோகித்தார் என்பது இந்த ஊர்க் கதை.

இங்கிருந்து காரில் முக்கால் மணி நேரத்துக்குள் ஃபுல்லர்டன். லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்த ஊர். டேல் சத்தத்தைக் கூட்டக் கூட்ட ஆம்ப்ளிஃபயர்கள் புகைந்தன. லியோ புதிது புதிதாகச் செய்து கொடுத்தார். அந்தத் தொழிற்சாலையில் 1961-ல் பிறந்ததுதான் அண்ணன் கேட்ட பெட்டி: ஃபெண்டர் ரிவெர்ப் யூனிட், மாடல் 6ஜி15. ஊர் அருங்காட்சியகத்தில் லியோவுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. சித்தி அங்கே பத்து நிமிடத்தில் களைத்துவிட்டார். எனக்குத்தான் கால் நகரவில்லை.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது? நீளமான தகரத் தட்டில் இரண்டு ஸ்பிரிங்குகள். கிட்டாரிலிருந்து வரும் மின்சாரம் ஒரு வால்வில் பலம் பெற்று ஸ்பிரிங்கின் ஒரு முனையை ஆட்டும். அந்த ஆட்டம் மறுமுனைக்கு ஓடி, முட்டித் திரும்பி, மறுபடி ஓடி... கிணற்றுக்குள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பத் திரும்ப வருமே, அதேதான். தொலைதூர டெலிபோன் லைனின் தாமதத்தை ஆராய பெல் ஆய்வுக்கூடத்தில் செய்த கருவியை, ஹாமண்ட் ஆர்கன்காரர்கள் வீட்டு ஹாலுக்குள் சர்ச் எதிரொலி வரவைக்கப் பயன்படுத்தினார்கள். கிட்டாருக்கு வந்தபோது கிடைத்ததோ சர்ச் அல்ல, கடல்! கையை அழுத்திப் பிடித்து வெட்டி வெட்டி மீட்டினால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதுபோல ஒரு சத்தம். 'ட்ரிப்' என்கிறார்கள். அண்ணன் மொழியில், 'ஈரச் சத்தம்'.

ஆச்சர்யம் என்னவென்றால், டேலின் முதல் ஹிட்டான 'லெட்ஸ் கோ ட்ரிப்பின்' பாடலில் இந்த ரிவெர்ப் கிடையாது. இந்தச் சத்தம் வேண்டுமா, வேண்டாமா என்ற சண்டையில் பெல்-ஏர்ஸ் என்ற இளைஞர் குழுவே உடைந்தது. ஒரு ஸ்பிரிங்குக்காக நட்பை முறித்துக்கொள்வார்களா என்று கேட்காதீர்கள். என் வீட்டில் ஒருவன் இருக்கிறான்.

1963 முதல் ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே ரிவெர்ப் வந்துவிட்டது. அப்புறம் எதற்குத் தனிப் பெட்டி? அண்ணன் சொன்ன விளக்கம் இது. தனிப் பெட்டி கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் உட்காரும். ஸ்பிரிங் நனைத்து அனுப்பிய சத்தத்தைத்தான் ஆம்ப்ளிஃபயர் வாங்கிப் பெரிதாக்கும். தவிர, 'டுவெல்' என்று ஒரு குமிழ் உண்டு. ஸ்பிரிங்கை எவ்வளவு பலமாக அடிக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். 1966-க்குப் பிறகு டிரான்சிஸ்டர் வைத்து ஒன்று வந்தது, 90-களில் பழைய வடிவத்திலேயே மறுபதிப்பும் வந்தது. இவனுக்கு 61 முதல் 66-க்குள்தான் வேண்டுமாம்.

தேடியதில் இரண்டு சிக்கின.

முதலாவது ஒரு கடையில். பிரவுன் தோலுறை, கீறலே இல்லை. "1962 மாடல், திறக்கவே இல்லை" என்றார் கடைக்காரர். விலை 2,900 டாலர். அண்ணன் வைத்திருந்த பணம் மொத்தமும் போய்விடும். பின்பக்கத்தைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. குமிழ்களுக்குப் பின்னால் எண்கள் அச்சடித்திருக்கும், அதில் ஆண்டும் வாரமும் உண்டு. இதில் இருந்தது 6418. அதாவது 1964, 18-வது வாரம். 62-ல் செய்த பெட்டிக்குள் 64-ல் செய்த பாகம் எப்படி வரும்? கடைக்காரருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். 'திறக்கவே இல்லை' என்பதும் பெருமை இல்லையாம். அறுபது வருடக் கெபாசிட்டர்கள் அப்படியே இருக்கின்றன, எர்த் இல்லாத இரண்டு பின் ஒயரும் அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். "ஷாக் அடிச்சா அம்மாவுக்கு யார் பதில் சொல்றது?"

இரண்டாவது, கோஸ்டா மேசாவில் ஒரு பெரியவரின் கார் ஷெட்டில். கறுப்புத் தோலுறை கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தது. கெபாசிட்டர்கள் புதிது, மூன்று பின் ஒயர், ரிப்பேர் ரசீதுகூட இருந்தது. ஸ்பிரிங் தட்டு மட்டும் மாற்றியது. ஒரிஜினல் தட்டை ஒரு துணிப் பையில் போட்டுக் கொடுத்தார். உள்ளே தலைமுடி மாதிரி ஒரு ஒயர் அறுந்திருந்தது, அவ்வளவுதான். 1,900 டாலர்.

அங்கே காலை 11 மணி, சென்னையில் இரவு 11.30. வீடியோ காலில் வாசித்துக் காட்டினார் பெரியவர். "எதிரொலியே கேக்கலையே!" என்று அலறினான் அண்ணன். எனக்குப் பகீரென்றது. பிறகுதான் புரிந்தது. போன் அந்த எதிரொலியை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடுகிறது! ரெக்கார்டு பண்ணி ஃபைலாக அனுப்பினேன். நீண்ட நேரம் பதில் இல்லை. கடைசியில், "நேர்ல நிக்கிறவ நீ. நீயே முடிவு பண்ணு."

பெரியவரிடம் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டேன். அந்த ஷெட்டில் கார் ஆயில் வாசனை, பழைய டயர்கள். ஆனால், காதுக்குள் தண்ணீர் சொட்டியது. பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

வால்வுகளைக் கழற்றி என் சாக்ஸுக்குள் வைத்துக்கொண்டேன். ஸ்பிரிங் ஆடாதபடி தட்டைச் சித்தியின் பழைய போர்வையில் சுற்றினேன். சென்னை வந்ததும் அண்ணன் முதலில் வாங்கியது 120 வோல்ட் தரும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கதை முடிந்தது. அறுந்த ஒயரைப் பூதக்கண்ணாடி வைத்துப் பற்றவைத்து, பழைய தட்டையே உள்ளே பொருத்தினான்.

ஸ்விட்ச் போட்டு, கிட்டாரை எடுக்கத் திரும்பியபோது அவன் முழங்கை பெட்டியில் பட்டது. ஸ்பிரிங்குகள் ஒன்றோடொன்று மோதி, வீடே அதிர ஒரு முழக்கம்.

"மழை வரப்போகுதுடி... மாடில துணி கிடக்கு!" என்று அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார்.