ஸ்காபரோவில் ஒரு செவன் வுட்

ரொறன்ரோ மாநகராட்சிக்குச் சொந்தமாக ஐந்து கோல்ஃப் மைதானங்கள் உண்டு. அவற்றில் ஒன்றான டாம் ஓஷான்டர், தமிழர்கள் செறிந்து வாழும் ஸ்காபரோவில், பேர்ச்மவுன்ட் வீதியோரமாக இருக்கிறது. அங்கே ஆடுவதற்கு உறுப்புரிமை தேவையில்லை. யாருடைய சிபாரிசும் தேவையில்லை. நேரத்தைப் பதிந்து காசைக் கட்டினால் போதும். கோடைக்காலச் சனிக்கிழமைகளில், விடிந்தும் விடியாத நேரத்தில், வாகனத் தரிப்பிடத்தில் சப்பாத்து மாற்றுகிறவர்களிடையே யாழ்ப்பாணத்துப் பேச்சும் கேட்கும்.

இலங்கையில் இருந்தபோது இந்த விளையாட்டு அந்தத் தமிழர்களுக்கு எட்டாத இடத்தில் இருந்தது. ரோயல் கொழும்பு கோல்ஃப் கழகம் 1879இலும் நுவரெலியாக் கழகம் 1889இலும் தொடங்கின. இரண்டும் வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்டவை. வடக்கில் வளர்ந்த பிள்ளைக்குக் கிரிக்கெட் மட்டை கிடைத்தது. கோல்ஃப் மட்டையைக் கண்ணால் காண்பதே அரிது. கனடாவுக்கு வந்த பிறகும் உடனே கிடைத்துவிடவில்லை. இரண்டு வேலை, வீட்டுக்கடன், ஊருக்கு அனுப்பும் பணம், பிள்ளைகளின் படிப்பு என்று இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஓடின. கடைசிப் பிள்ளை பல்கலைக்கழகம் போன பிறகுதான் சனிக்கிழமைக் காலை என்ற ஒன்று பலருடைய கைக்கு வந்தது. ஐம்பதை நெருங்கி இந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் அவர்கள். எந்த மட்டை தங்களுக்குச் சரி என்ற கேள்விக்கு அந்த வயதும் பதில் சொல்கிறது.

பெரும்பாலானவர்கள் விக்டோரியா பார்க் சுரங்க ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் டென்டோனியா பார்க்கில் தொடங்குகிறார்கள். குழிகள் எல்லாமே பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டியவை. அயர்ன் எனும் குட்டை மட்டைகள் சிலவும், பந்தைக் குழிக்குள் தள்ளும் ஒரு பட்டரும் இருந்தால் சமாளிக்கலாம். டாம் ஓஷான்டருக்குப் போனதும் நிலைமை மாறுகிறது. நீளமான பார் 5 குழியில் முதல் அடி போனபின், பந்து புல்லில் கிடக்க, கொடி இன்னும் வெகு தூரத்தில் நிற்கும். அப்போது பையிலிருந்து எடுக்க வேண்டியது, தரையிலிருந்து நீளமாக அடிப்பதற்கான ஃபேர்வே வுட். அநேகமாக எல்லோரும் முதலில் வாங்குவது த்ரீ வுட். தொலைக்காட்சியில் பெரிய ஆட்டக்காரர்கள் எடுப்பது அதைத்தான். கடையில் வைத்திருக்கும் செட்டில் கூடவே வருவதும் அதுதான்.

ஆட்டத்திலேயே மிகக் கடினமான அடிகளில் ஒன்று, தரையில் கிடக்கும் பந்தை த்ரீ வுட்டால் அடிப்பது. அதன் முகச்சாய்வு, அதாவது முகம் பின்னுக்குச் சாய்ந்திருக்கும் அளவு, ஏறக்குறைய 15 பாகை; வுட்டின் எண் கூடக் கூட இதுவும் கூடும். தண்டின் நீளம் 43 அங்குலத்தை ஒட்டி வரும். அத்தனை குறைந்த சாய்வில் பந்து எழும்ப வேண்டுமானால் மட்டை வேகமாக வர வேண்டும். வேகம் இருந்தால்தான் பந்து போதிய பின்சுழற்சியோடு காற்றில் நிற்கும். அமெரிக்க பிஜிஏ சுற்றில் ஆடுகிறவர்கள் முதல் அடிக்கான நீள மட்டையான டிரைவரை வீசும் வேகம் சராசரியாக மணிக்கு 110 மைலைத் தாண்டும். வார இறுதியில் ஆடும் சாதாரண ஆணின் வேகம் 90 மைலை ஒட்டித்தான் இருக்கும். ஐம்பது வயதுக்குமேல் அதிலும் குறையும். அந்த வேகத்தில் த்ரீ வுட் அடித்த பந்து முழங்கால் உயரத்தில் போய் விழுந்து உருளும். ஓகஸ்ட் மாதத்துக் காய்ந்த தரையில் அந்த உருளல் உதவும். ஏப்ரல், மே மாதங்களில், பனி உருகிய ஈரம் காயாத தரையில், பந்து விழுந்த இடத்திலேயே அமிழ்ந்துவிடும்.

கிரிக்கெட் ஆடி வந்த கைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பந்தை உயர்த்த வேண்டுமானால் அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும் என்று அந்தக் கைகள் பழகியிருக்கின்றன. சாய்வு குறைந்த மட்டையைப் பார்த்ததும் அந்தப் பழக்கம் தலைதூக்கும். உடல் பின்னுக்குச் சாயும், மட்டை நிலத்தில் இடித்துத் தெறிக்கும், அல்லது பந்தின் உச்சந்தலையை உரசிக்கொண்டு போகும். ஃபேர்வே வுட் தூக்குவதற்கானது அல்ல. முற்றம் கூட்டும் விளக்குமாறு போல நிலத்தை ஒட்டிப் போக வேண்டும். உயர்த்துகிற வேலையை முகச்சாய்வு பார்த்துக்கொள்ளும். சாய்வு கூடிய மட்டை கையில் இருக்கும்போது இதை நம்புவது எளிது.

பெரிய ஆட்டக்காரரான ஜீன் சரஸனுக்கு, சாய்வு கூடிய மட்டையை நம்பலாம் என்பது 1935இலேயே தெரிந்திருந்தது. மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசிச் சுற்றில், நான்கு குழிகளே மிஞ்சியிருக்க, கிரெய்க் வுட் என்ற ஆட்டக்காரரைவிட மூன்று அடிகள் பின்தங்கியிருந்தார் அவர். பதினைந்தாம் குழியில் பந்து 235 யார்டு தூரத்தில், புல் குறைந்த தரையில் ஒட்டிக் கிடந்தது. த்ரீ வுட்டா, ஃபோர் வுட்டா என்று தயங்கி, த்ரீ வுட் பந்தை எழுப்பாது என்று ஃபோர் வுட்டை எடுத்தார். பந்து குழிக்குள்ளேயே போய் விழுந்தது. பார் 5 குழி இரண்டே அடியில் முடிய, மூன்று அடிப் பின்னடைவும் அங்கேயே தீர்ந்தது. மறுநாள் 36 குழிகள் ஆடிய மீளாட்டத்தில் சரஸன் வென்றார். அறுபது ஆண்டுகள் கழித்து, 1995இல், ஷின்னிகாக் ஹில்ஸில் நடந்த யூஎஸ் ஓப்பனின் கடைசிக் குழியில் கோரி பேவின் 228 யார்டிலிருந்து பந்தைக் குழியருகே கொண்டுபோய் வைத்ததும் ஃபோர் வுட்டால்தான். பேவின் தூரம் அடிக்கும் ஆட்டக்காரர் அல்லர். தன் அளவை அறிந்த அந்தத் தெரிவு, நூறு மைலுக்குக் குறைந்த வேகத்தில் வீசும் எவருக்கும் தொலைக்காட்சியின் எந்த நீள அடியையும்விட நல்ல பாடம்.

சரஸன் காலத்து வுட்கள் மரத்தாலேயே ஆனவை. வட அமெரிக்காவின் பெர்சிமன் மரத்தைக் கடைந்து தலை செய்தார்கள். பெர்சிமனும் வன்னிக் காட்டுக் கருங்காலியும் டயோஸ்பைரோஸ் என்ற ஒரே பேரினம். இரண்டுமே இறுகிக் கனத்த மரம். 1979இல் கேரி ஆடம்ஸ் டெய்லர்மேட் நிறுவனத்தைத் தொடங்கி உலோகத் தலையைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு மரம் மெல்ல விலகியது. உலோகத்தை உள்ளே கூடாக்கி, மிஞ்சிய எடையை அடிப்பக்கத்தில் சேர்க்க முடிந்தது. எடை கீழே இறங்க இறங்கப் பந்து எளிதாக மேலே எழும்பும். தொண்ணூறுகளில் ஆடம்ஸ் கோல்ஃப் என்ற வேறொரு நிறுவனம் கொண்டுவந்த டைட் லைஸ் மட்டை, தட்டையான தலையோடு இதே வேலையைச் செய்து சாதாரண ஆட்டக்காரர்களிடையே பெரும் விற்பனை கண்டது.

இப்போது எது சரி என்று அறிய ஊகம் தேவையில்லை. ரொறன்ரோவில் மைதானங்கள் பனியால் மூடிக் கிடக்கும் மாதங்களில், கடைகளின் உள்ளறைகளில் வலையைப் பார்த்து அடித்துக்கொண்டிருப்பார்கள். அப்படியொரு அறையில், மார்ச் மாத மாலையில், பாரவூர்தி ஓட்டி ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த ஒருவர் தன் பழைய த்ரீ வுட்டை வீசினார். கூட வந்த இளைஞர் மட்டையின் முகத்தில் வெள்ளைத் தூளைத் தெளித்திருந்தார். ஒவ்வொரு அடிக்கும் பந்து பட்ட வட்டம் தூளில் தெரிந்தது: ஒன்று நுனியில், ஒன்று அடிவிளிம்பில், ஒன்று குதியில். திரையில் பந்தின் பாதை ஒரு கோடாகத் தாழ்ந்து ஓடியது. அடுத்து செவன் வுட்டைக் கொடுத்தார்கள். சாய்வு 21 பாகை, தண்டு ஒரு அங்குலத்துக்குமேல் குட்டை. வட்டங்கள் நடுவில் கூடின. கோடு வளைந்து உயர்ந்து, செங்குத்தாக இறங்கியது. காற்றில் போன தூரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே.

“அண்ணை, உங்கட வீச்சில பிழையில்லை. மட்டைதான் உங்களுக்குப் பொருந்தேல்லை.”

“செவன் வுட் பொம்பிளையளின்ர மட்டையெண்டு சொல்லுறாங்களே தம்பி.”

இந்தப் பேச்சு கோல்ஃப் உலகம் முழுவதும் உண்டு. எத்தனையோ பேரின் ஆட்டத்தைக் கெடுத்ததும் இதுதான். பெண்களின் எல்பிஜிஏ சுற்றில் செவன் வுட்டும் நைன் வுட்டும் சாதாரணம். அவர்களின் வீச்சு வேகம் சாதாரண ஆணுடையதற்குக் கிட்ட நிற்பதால், ஐம்பது வயதுக்காரர் பார்த்துப் பழக வேண்டியது அவர்களைத்தான். அது போதாதென்றால் டஸ்டின் ஜான்சன் இருக்கிறார். உலகின் மிக நீளமான அடிக்காரர்களில் ஒருவரான அவர், 2020 மாஸ்டர்ஸில் பையில் செவன் வுட் வைத்துக்கொண்டு 268 அடிகளில் முடித்தார். அந்தப் போட்டியின் வரலாற்றில் அதுவே மிகக் குறைந்த எண்ணிக்கை. பந்து உயரத்திலிருந்து விழுந்தால் குழியைச் சுற்றியுள்ள பச்சைப் புல்தரையில் நிற்கும் என்பதே அவருக்கும் காரணம்.

கனடாவின் கடைகளில் இன்னொரு வசதியும் உண்டு. ஐஸ் ஹொக்கி ஆடி வளர்ந்த நாடு ஆகையால், வலக்கைக்காரர் பலரும் இங்கே இடக்கைப் பக்கம் நின்று கோல்ஃப் ஆடுகிறார்கள். ஒன்ராறியோவின் சார்னியாவில் பிறந்து 2003 மாஸ்டர்ஸை வென்ற மைக் வியர் அப்படிப்பட்டவர். எனவே இடக்கை மட்டைகள் இங்கே தாராளமாகக் கிடைக்கும். இடப்பக்கம் நின்று கிரிக்கெட் ஆடிய தமிழர் ஒருவர் வலக்கை மட்டையோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

வுட்டும் அயர்னும் கலந்த ஹைபிரிட் மட்டை போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. உயர்ந்த புல்லுக்குள் பந்து கிடந்தால் ஹைபிரிட்டின் சிறிய தலை நன்றாக ஊடறுத்துப் போகும். சுத்தமான புல்லில் செவன் வுட் அடித்த பந்து இன்னும் உயரமாகப் போய் மென்மையாக இறங்கும். எதிர்க்காற்று பலமாக வீசும் நாளில் அந்த உயரமே இடைஞ்சலாகும் என்பதும் உண்மை. த்ரீ வுட்டையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பந்தை டீ என்ற சிறு முளையில் ஏற்றி வைத்தால் அதன் கடினம் பாதி குறையும். ஹென்ரிக் ஸ்டென்சன் தன் த்ரீ வுட்டை டிரைவருக்குப் பதிலாகவே டீயிலிருந்து அடித்துப் பேர் பெற்றவர். 2016 பிரிட்டிஷ் ஓப்பனை 264 அடிகளில் வென்றவர். டாம் ஓஷான்டரில் ஹைலன்ட் கிரீக் ஓடை குறுக்கிடும் இடங்களில், டிரைவரை உறையிலேயே விட்டு த்ரீ வுட் எடுப்பவர்கள் கெட்டிக்காரர்கள்.

பையில் 14 மட்டைகளுக்கு மேல் வைக்கக் கூடாது என்பது 1938 முதல் அமெரிக்காவில் விதி. மறு ஆண்டு பிரிட்டனும் அதை ஏற்றது. ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். செவன் வுட்டை வாங்கிய பாரவூர்திக்காரர் முதலில் நாலாம் நம்பர் அயர்னை எடுத்து பேஸ்மென்டில் வைத்தார். அதை அவர் எப்போதும் நேராக அடித்ததில்லை. கோடை பிறந்து சில வாரங்களில் த்ரீ வுட்டும் பையை விட்டுப் போனது. பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அவனுடைய வேகத்துக்குச் சாய்வு சரியாக இருந்தது. தண்டை மட்டும் விறைப்பானதாக மாற்ற வேண்டியிருந்தது.