ரதி வேடமும் பால்வெட்டுக் கத்தியும்

இசை நாடக நடிகர் என்றதும் நம் நினைவில் முதலில் எழுவோர் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளுமே. அவ்விருவரையும் இணைத்தது தமிழகத்து மேடையன்று. 1920களிற் கொழும்பில் நடந்த நாடகங்களே என்பது ஈழத்தவராகிய நாம் சற்றுப் பெருமையோடு கூறிக்கொள்ளும் செய்தி. ஒலிவாங்கி வழக்கத்துக்கு வராத காலம் அது. கொட்டகையின் கடைசியில் தரையில் அமர்ந்திருப்பவனும் காசு கொடுத்தே வந்திருப்பான். அவனுக்கும் சொல் சிதையாமற் பாட்டுச் சென்று சேர வேண்டும். கிட்டப்பா 27 வயதிலேயே, 1933இல் மறைந்தார். சுந்தராம்பாளோ 'நந்தனார்' படத்தில் நடிக்க இலட்ச ரூபா ஊதியம் பெற்றார்.

இத்தகையோர் தாமாகத் தோன்றியவர் அல்லர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்றவை சிறுவரை இரவு பகலாகப் பயிற்றின. பாடம், பாட்டு, தாளம், அடவு யாவும் அங்கே அடியோடு கற்பிக்கப்பட்டன. மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் அதுவரை நாயகியாக நின்ற பையன் ஒரே நாளில் வேடமிழப்பதும் உண்டு. தேறியவர்கள் 'ஸ்பெஷல்' நாடகங்களுக்குச் சென்றார்கள். அங்கே வெவ்வேறு ஊர் நடிகர்கள் மாலையிற் சந்தித்து, ஒத்திகையின்றி, விடியும்வரை ஆடினர். பாடம் பொது, தர்க்கம் அவரவர் வல்லமை. நம் நாட்டில் காங்கேசன்துறை தந்த நடிகமணி வி.வி. வைரமுத்து (1924–1989) இம்மரபின் சிகரம். மயான காண்டத்தில் அவர் அரிச்சந்திரனாக நின்ற மேடைகள் ஆயிரத்துக்கும் அதிகம்.

இவர்களைப் பற்றிப் படிக்குந்தோறும் எனக்கு என் தாய்மாமனே நினைவுக்கு வருவார். கேகாலை மாவட்டத்துக் கரவனெல்லவை அண்டிய இறப்பர்த் தோட்டமொன்றில் அவர் பால் வெட்டுபவர். மாசி பிறந்தால் ரதி.

காமன் கூத்தினை நம் ஆய்வாளர் பெரும்பாலும் சடங்காகவே நோக்குவர். சடங்குதான், மறுப்பதற்கில்லை. கம்பம் ஊன்றிய நாள் முதல் அவர் விரதம் காத்தார். ஆயினும், லயங்கள் தோறும் மன்மதனோடு ஆடிச் சென்று, தப்பு அதிர்கின்ற திறந்தவெளியில் இரவு முழுவதும் குரல் கம்மாமற் பாடுவதற்கு விரதம் மட்டும் போதுமோ? சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனை ரதி தடுக்கும் கட்டத்தில், எதிரே நிற்பவர் பாடத்தில் இல்லாத அடியொன்றைத் திடீரென வீசுவார். அதே மெட்டில், அதே மூச்சில், மாமா விடையிறுப்பார். மன்மதன் எரிந்தபின் வரும் புலம்பலிலோ அவர் குரலை உயர்த்துவதே இல்லை. தப்புக்காரர் தாமாகவே கோலைத் தாழ்த்துவார்கள். பக்கத்து வீட்டுச் சாவுக்கு அழுத அதே ஒப்பாரி மெட்டு என்பதைப் பெண்கள் உடனே கண்டுகொள்வர். அதன்பின் அங்கே அழாதவர் இல்லை.

கூத்து விடியுமுன் முடியும். முகத்து அரிதாரத்தைத் தேங்காயெண்ணெயால் துடைத்தவாறே அவர் மாமியிடம் கேட்பது ஒன்றுதான்: "கத்தியத் தீட்டி வச்சாச்சா புள்ள?" காலைக் குளிரில் வெட்டினாற்றான் பால் நன்கு வடியும், வெயில் ஏறினால் சிரட்டை நிறையாது. மாசியில் மரங்கள் இலையுதிர்த்துப் பால் குறைவது ஓரளவு ஆறுதல். அந்த மெலிந்த மாதங்களே எங்கள் பகுதியில் நாடக மாதங்களாயின என எண்ணத் தோன்றுகிறது. இரவெல்லாம் ஆடியதற்கு அவர் பெற்றது ஒரு வேட்டியும் வெற்றிலைத் தட்டுமே.

தொழில்முறைக் கலைஞர் என்பதற்கு ஊதியத்தை அளவாகக் கொண்டால் மாமா அப்பட்டியலில் இடம்பெறார். திறமையைக் கொண்டால் இடம்பெறுவார். நான் இரண்டாவது கட்சி. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை அரங்கேற்றி, மட்டக்களப்புக் கூத்தனைக் கற்றோர் அவையில் கலைஞனாக நிறுத்தினார். அத்தகையதொரு வாயில் தோட்டத்து ரதிக்கு அன்று திறக்கவில்லை என்பதை வருத்தத்துடன் குறிப்பிடல் வேண்டும்.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென எண்ணி ஒதுக்கியது. எங்கள் கூத்துக் குழுவும் அதில் இரண்டாகப் பிளந்தது. மன்மதன் இங்கே, ரதி அங்கே. விண்ணப்பத்திலே தொழில் என்னுமிடத்தில் மாமாவுக்காக நான்தான் 'பால் வெட்டுபவர்' என எழுதினேன். வேறொன்று எழுதலாம் என அவருக்கும் தோன்றவில்லை. தலைமன்னாரிற் கப்பலேறிச் சென்றவர் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிற் குடியமர்ந்தார். 1977, 1983 வன்செயல்கள் சப்ரகமுவத் தோட்டங்களையும் தீண்டிய பின்னர், எங்கள் லயங்களில் இரவிற் கூட்டங் கூடவே அஞ்சினர். கம்பம் ஊன்றாத மாசிகள் சில கழிந்தன.

அங்கிருந்து மாமா எழுதிய கடிதங்களுள் ஒன்று என்னிடம் உண்டு. குளிரையும் கூலியையும் பற்றிய செய்திகளின் கீழே, அருகிலொரு தோட்டத்தில் காமன் ஊன்றினார்கள் என்றும், ரதிக்கு அவர்களிடம் ஆள் இருந்தபடியால் தாம் ஓரமாக நின்று பின்பாட்டுப் பாடியதாகவும் எழுதியிருந்தார்.