முதலில் தண்ணீரை வளருங்கள்!

தங்க மீன் வாங்கப் போகிறீர்களா? ரொம்ப சந்தோஷம். ஆனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள்: இன்றைக்கு வாங்காதீர்கள். இந்த வாரமும் வேண்டாம். தொட்டியை மட்டும் இன்றைக்கு வாங்குங்கள். மீனை ஒன்றரை மாதம் கழித்து வாங்குங்கள்.

"இதென்ன, மீன் வாங்குவதற்குக்கூட முகூர்த்தம் பார்க்க வேண்டுமா?" என்று கேட்பீர்கள். முகூர்த்தமேதான். ஆனால் அது பஞ்சாங்கத்தில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது.

தங்க மீனைப் பற்றி நம்மில் பலருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அது பூவைப் போல. நாலு நாள் அழகாக இருக்கும், பிறகு போய்விடும், வேறு வாங்கி விட்டுக் கொள்ளலாம் என்று. இது சுத்தப் பிசகு. சரியாகக் கவனித்தால் தங்க மீன் 10, 15 வருஷம் சர்வ சாதாரணமாக இருக்கும். இங்கிலாந்தில் யார்க்ஷயர் பக்கத்தில் 'டிஷ்' என்று ஒரு தங்க மீன். 1956-ஆம் ஆண்டு ஒரு திருவிழாச் சந்தையில் பரிசாகக் கிடைத்தது. அது காலமானது 1999-ல்! நாற்பத்து மூன்று வயது! எல்.கே.ஜி. படிக்கும் உங்கள் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கும் மீன், அவள் கல்லூரிக்குப் போகும்போதும் இருக்க வேண்டும் என்பதே நியாயமான எதிர்பார்ப்பு.

அப்படியானால் ஏன் இத்தனை மீன்கள் முதல் பத்து நாளிலேயே மேலே மிதக்கின்றன?

காரணத்தைச் சொல்கிறேன். மீன் சுவாசிக்கும்போதே அதன் செவுள் வழியாக அமோனியா என்ற விஷம் தண்ணீரில் கலக்கிறது. கழிவும், தின்னாமல் மிஞ்சிய தீனியும் அழுகி, இன்னும் கொஞ்சம் அமோனியாவைச் சேர்க்கின்றன. ஆற்றிலும் குளத்திலும் தண்ணீர் ஏராளம். விஷம் கரைந்து போய்விடும். தொட்டியில் எங்கே போகும்? அதிலும் தங்க மீன் நல்ல சாப்பாட்டு ராமன். மற்ற சின்ன அலங்கார மீன்களைவிட அதிகமாகத் தின்னும், அதிகமாக அசுத்தமும் செய்யும்.

இயற்கை இதற்கும் வழி வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களில் ஒரு வகை, அமோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷந்தான், மீனின் ரத்தத்தையே பழுப்பாக்கி, பிராண வாயுவைச் சுமக்க விடாமல் செய்துவிடும். ஆனால் இன்னொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட்டாக மாற்றும். இது அவ்வளவு கெடுதல் இல்லாதது. வாரம் ஒரு முறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். இந்த வகை நுண்ணுயிர்களைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார், ருஷ்ய விஞ்ஞானி ஸெர்கேய் வினோகிராட்ஸ்கி. அது 1890-ஆம் ஆண்டு வாக்கில்.

புதுத் தொட்டியில் இந்த இரண்டு வகையும் இல்லை. வந்து குடியேறிப் பெருகுவதற்கு நாலு வாரத்திலிருந்து எட்டு வாரம் வரை ஆகும். அதுவரை ஜலம் ஸ்படிகம் மாதிரி இருக்கும். இதில்தான் ஏமாந்து போகிறோம். தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் அல்ல.

எங்கள் வீட்டில் தொட்டி வந்ததும், வடிகட்டியை ஓட விட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியை மட்டும் போட்டு வந்தேன். தீனி அழுகினால்தானே அமோனியா உண்டாகும். அமோனியா இருந்தால்தானே பாக்டீரியா வரும்? என் மாமியார் ஒரு வாரம் பார்த்தார். எட்டாம் நாள் பொறுக்கவில்லை.

"ஏண்டி, மீனே இல்லாத தொட்டிக்குத் தினம் தீனி போடறயே, யார் சாப்பிடறதுக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இதுக்கா இத்தனை சயன்ஸ்? பாலைத் தோய்க்கிற மாதிரிதானே? உறை மோர் இல்லாம எப்படித் தோயும்? யாராத்திலேயாவது பழைய தொட்டி இருந்தா, கொஞ்சம் வாங்கிண்டு வாயேன்!" என்றார்.

நான் அசந்து போனேன். அவர் சொன்னதுதான் நிபுணர்கள் சொல்வதும்! ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டை வாங்கி, ஈரம் காயாமல் கொண்டு வந்து நம் வடிகட்டியில் வைத்தால், ஒன்றரை மாத வேலை பாதியாகக் குறையும். அந்தப் பஞ்சுதான் உறை மோர். அந்தத் தொட்டி மீன்களுக்கு வியாதி எதுவும் இல்லை என்று நிச்சயப்படுத்திக் கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

'தோய்ந்துவிட்டதா' என்று அறிய, கடையில் சோதனைச் சொட்டு மருந்து கிடைக்கும். சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டி ஜலத்தை எடுத்துச் சொட்டுகளை விட்டால், நிறம் மாறிக் கணக்குச் சொல்லும். தீனி போட்டு வரும்போதே அமோனியாவும் சைபர், நைட்ரைட்டும் சைபர், நைட்ரேட் மட்டும் தெரிகிறது என்றால் முகூர்த்தம் வந்துவிட்டது. பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, ஒரு மீனை அழைத்து வாருங்கள்.

இதையெல்லாம் நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம், எங்கள் மாடி வீட்டுப் பையன். ஏழு வயது. பிறந்த நாளுக்கு யாரோ உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு தங்க மீன் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் இரண்டும் போய்விட்டன. "கண் பட்டுவிட்டது" என்றாள் பாட்டி. பையன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்து, மெல்லிய குரலில் கேட்டான்: "மாமி, புதன்கிழமை நான் தீனி போட மறந்துட்டேன். அதனாலதானே செத்துப் போச்சு?"

அந்தக் குழந்தை இரண்டு நாளாக அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறது! தங்க மீன் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. நீ மறந்த அன்றைக்குத்தான் அது கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும் என்று சொன்னேன். அவன் முகம் மலர்ந்ததை எழுத என்னால் ஆகாது. மீன் விஷயத்தில் பெரியவர்கள் தெரிந்துகொள்ளாமல் விடுவது, சில சமயம் குழந்தையின் கணக்கில் பற்று எழுதப்படுகிறது.

இனி, சில குறிப்புகள்.

உருண்டைக் கிண்ணம் வேண்டவே வேண்டாம். வாலும் தொந்தியுமாக இருக்கும் அலங்கார வகையே 15, 20 சென்டிமீட்டர் வளரும். ஒல்லியான சாதாரண வகை ஓர் அடிகூட எட்டும். முதல் மீனுக்கு 75 லிட்டர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 40 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 லிட்டர் ஜலம் 75 கிலோ; கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் நூறை நெருங்கும். ஆடும் மேஜையில் வைக்காதீர்கள்.

குழாய் ஜலத்தில் உள்ள குளோரின் மீனின் செவுளையும் புண்ணாக்கும், உங்கள் 'உறை மோரை'யும் கொன்றுவிடும். ஒரு நாள் திறந்த வாளியில் வைத்தால் குளோரின் போய்விடும். குளோரமின் கலந்த ஜலமானால் போகாது. அதற்கென்று விற்கும் சொட்டு மருந்தைக் கலப்பதே பத்திரம்.

தீனி ஒரு நாளைக்கு இரண்டு தடவை, இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு. தங்க மீனுக்கு வயிறு என்ற தனிப் பையே கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகிறது. அதனால் எத்தனை போட்டாலும் இன்னும் கேட்கும். மனம் இளகாதீர்கள். வாரம் ஒரு நாள், வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணி கொடுக்கலாம்.

வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். முழுவதையும் கொட்டித் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவது, தோய்ந்த தயிரைக் கொட்டிவிட்டுப் பாத்திரம் தேய்ப்பது போல. வடிகட்டிப் பஞ்சை, எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசிப் பிழியுங்கள். குழாயடிக்குக் கொண்டு போகாதீர்கள்.

நம் ஊர் வெயிலைக் கவனிக்க வேண்டும். தங்க மீனுக்கு இதமான சூடு 20-லிருந்து 24 டிகிரி. தண்ணீர் சூடேறினால் அதில் கரையும் பிராண வாயு குறையும். சித்திரை வைகாசியில் ஜன்னலோரத்தில் தொட்டியை வைக்காமல், காற்றுக் குமிழியைக் கூட்டுங்கள். மின்சாரம் போனால் ஓடுகிற மாதிரி பேட்டரிப் பம்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாலும், அடியில் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு கிடந்தாலும், மருந்துக் கடைக்கு ஓடுமுன் தண்ணீரைச் சோதியுங்கள். முன்பே மீன் வாங்கிவிட்டவர்களும் பயப்பட வேண்டாம்: தீனியைக் குறைத்து, தினமும் சோதித்து, விஷம் தெரிகிற நாளெல்லாம் கால் பங்கிலிருந்து பாதி வரை தண்ணீர் மாற்றி வந்தால், தொட்டி தோய்கிற வரை தாக்குப் பிடிக்கலாம்.

சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் போனால் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கும். பார்த்த மாத்திரத்தில் கை துறுதுறுக்கும். முதல் தடவை போகும்போது தொட்டிக்கு மட்டும் பணம் எடுத்துக்கொண்டு போங்கள், அதுதான் புத்திசாலித்தனம்.

காத்திருந்து வாங்கிய மீன், கொஞ்ச நாளில் உங்கள் நடமாட்டத்தைத் தெரிந்துகொள்ளும். நீங்கள் அறைக்குள் வந்ததும் கண்ணாடியோரமாக ஓடி வரும். 'அது பிரியம் இல்லை, பசி' என்று விஞ்ஞானிகள் சொல்லக்கூடும். சொல்லட்டுமே! சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே சமையலறையை எட்டிப் பார்க்கிறவர்களிடம் நாம் மட்டும் வித்தியாசம் கேட்டுக்கொண்டா இருக்கிறோம்?