உவர்மலையின் சிவப்புத் தட்டு

திருகோணமலையின் ஓர்ஸ் ஹில்லை நாங்கள் உவர்மலை என்போம். வாடைக்காற்று மழை ஓய்ந்து தை வெயில் ஏறும்போது, அங்கே பட்டுப்போன வேப்பங்கட்டைகளில் குங்குமமும் மஞ்சளும் கலந்த நிறத்தில் தட்டுத் தட்டாகக் காளான் பிடித்திருக்கும். காம்பு கிடையாது, மரத்தின் பக்கவாட்டில் ஒட்டியே வளரும். புரட்டிப் பார்த்தால் அடியெல்லாம் நுண்ணிய துளைகள். வித்திகள் அவற்றின் வழியேதான் உதிரும்.

"உது மழைக்கு வாறது தம்பி. காஞ்சா விறகோட சேத்து எரிச்சுப்போடுவம்" என்றார் வளவுக்கார அம்மா. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "எப்பவும் இஞ்சதான் கிடக்கு."

அந்தப் பதில் எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்கத்தான் ஏடுகளைப் புரட்டினேன். 1763இல் லின்னேயஸ் இதற்கு 'போலட்டஸ் சங்குயினியஸ்' என்று பெயரிட்டார். அவர் குறித்த இடம் தென் அமெரிக்காவின் சுரிநாம். 1904இல் மரில் இதைப் 'பிக்னோபோரஸ்' பேரினத்தில் சேர்த்தார். லின்னேயஸ் எழுதிய காலத்தில் சுரிநாமும் திருகோணமலைக் கோட்டையும் ஒல்லாந்தர் வசம் இருந்தன. அப்படியானால் கப்பல் மரத்தோடு வந்து இறங்கியதா? அப்படி நினைக்கத் தேவையில்லை. வெப்ப நாடுகள் எங்கும், வெயில் விழும் உலர்ந்த கட்டைகளில் இது உண்டு. காற்றே இதன் வித்திகளைக் கொண்டுபோகும். இதே குணமுள்ள வேறொரு தட்டுக் காளான் ஒரு நாளில் 3,000 கோடி வித்திகளை உதிர்ப்பதாகக் கனடாவில் வைட் 1919இல் கணக்கிட்டார்.

இலங்கைக் காளான்களைப் பேராதனைத் தோட்டத்திலிருந்து முதலில் கார்ட்னரும், 1849இலிருந்து த்வெயிட்ஸும் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பார்க்லி என்ற பாதிரியார் அவற்றுக்குப் பெயர் சூட்டினார். காய்ந்து நிறம் மாறிய துண்டுகளை வைத்து எவ்வளவுதான் சொல்ல முடியும்? 1905இல் பேராதனைக்கு வந்த பெட்ச், உயிருள்ள காளானோடு ஒப்பிட்டு அந்தப் பெயர்களை ஆண்டுக்கணக்கில் திருத்தினார். அவரும் பிஸ்பியும் தொகுத்த பட்டியல் 1950இல் வெளிவந்தது. அந்தப் பொறுமை எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆனால் அவர்கள் நடந்த நிலம் பெரும்பாலும் ஈரமான மலைநாடு. பாலையும் முதிரையும் வீரையும் நிற்கும் எங்கள் வறண்ட காட்டுக்கு அதே அக்கறை இன்னும் கிடைக்க வேண்டும்.

இதைவிடப் பழைய கதை மரத்துக்குள் இருக்கிறது. மரத்துக்கு உறுதி தரும் இலிக்னினைச் சிதைக்க வல்லவை மிகச் சில உயிர்களே. அவற்றில் முதன்மையானவை இந்தத் தட்டுக் காளான் போன்ற பங்கசுகள். 31 பங்கசுகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட 2012ஆம் ஆண்டு ஆய்வு, அந்தத் திறன் ஏறத்தாழ 29 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியது என்று மதிப்பிட்டது. வேம்போ பாலையோ அப்போது பூமியில் இல்லை. நாம் காண்கிற தட்டு வித்தி தூவும் உறுப்பு மட்டும்தான். கட்டைக்குள் ஓடும் வெண்ணிழைகளே அந்த உயிரின் உடல். அவை தின்று முடித்த மரம் வெளுத்து, நாராகி, மண்ணோடு சேரும்.

இப்போது காளான் கண்ட இடத்தில் மரத்தின் பெயர், நாள், பச்சையாக இருந்தபோது இருந்த நிறம் மூன்றையும் எழுதி, காகித உறையில் காயவைக்கிறேன். வளவுக்கார அம்மாவும் ஒரு கட்டையை அடுப்புக்கு எடுக்காமல் வேலியோரம் விட்டிருக்கிறார்.